ஆகாயத்தில் மின்சாரம் நின்றால்?

வீட்டிலே மின்சாரம் நின்றுவிட்டால் முதலில் என்ன செய்கிறோம்? வாசலுக்கு வந்து, அயல் வீட்டிலும் விளக்கு அணைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். அங்கும் இருளாயிருந்தால் ஒருவகை ஆறுதல், குற்றம் நம்முடையதன்று. அங்கே விளக்கெரிய நம் வீடு மட்டும் இருண்டு கிடந்தாலோ, உருகிப் பெட்டியைத் திறந்து ஆராயவேண்டியதுதான். இதே சங்கடம் ஐயாயிரம் அடி உயரத்தில், நால்வர் அமர்ந்து செல்லும் சின்னஞ்சிறு விமானமொன்றில் நேர்ந்தால்? அங்கே எட்டிப் பார்க்க அயல் வீடும் இல்லை. இறங்கி நிற்க வாசலும் இல்லை.

மின்சாரம் அற்றுப்போனால் எஞ்சினும் நின்றுவிடும், விமானமும் கல்லைப்போல் விழுந்துவிடும் என்பதே நம்மிற் பலருடைய எண்ணம். பெரும்பாலான சிறு விமானங்களில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஏன் நிகழ்வதில்லை என்பது ஒரு சுவையான கதை. எனினும் இந்த மின்கோளாறே சில வேளைகளில் உயிருக்கு உலைவைத்ததும் உண்டு. அது இன்னொரு கதை. இரண்டையும் வாசகர்கள், சிறப்பாக விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள், அறிந்திருத்தல் நன்று.

அறுபத்துநான்கு நாள் இறங்காத விமானம்

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலிருந்து 1958ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி ஒரு சிறு விமானம் புறப்பட்டது. செஸ்னா 172 என்பது அதன் வகை. 1955இல் முதன்முதலாகப் பறந்து, பின்னர் நாற்பதினாயிரத்துக்கும் மேலாகக் கட்டப்பெற்று, உலகில் எவ்விடத்தும் பயிற்சி விமானமாகப் பயன்பட்டுவரும் வகை இது. நம் இரத்மலானையிலும் செஸ்னா குடும்பத்து விமானங்களிலேயே மாணவர் பலர் பறக்கப் பழகியிருக்கிறார்கள். அன்று அதிலே ஏறியவர்கள் ரொபேட் டிம், ஜோன் குக் என்னும் இருவர். யாரும் இறங்காமல் எத்தனை நாள் பறக்கலாம் என்ற சாதனையை முறியடிப்பதே அவர்கள் நோக்கம். ஹோட்டல் ஒன்று தனக்கு விளம்பரமாகும் என்று செலவை ஏற்றுக்கொண்டது. விமானத்தின் பக்கத்திலே அந்த ஹோட்டலின் பெயரும் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

விமானம் இடையிலே களவாக இறங்கவில்லை என்பதை நிரூபிக்க, புறப்பட்டவுடன் அதன் சக்கரங்களில் வெள்ளைக் கோடு தீட்டினார்கள். ஓடுபாதையில் அதனோடு சேர்ந்தோடிய மோட்டார் வண்டியிலிருந்து ஒருவர் இதைச் செய்தாராம்! பாலைவனத்து நெடுந்தெருவில் ஒரு லொறி ஓடும். அதற்கு நேர் மேலே, தென்னைமர உயரத்துக்கும் தாழ்வாக, விமானம் பறக்கும். கீழே விட்ட கயிற்றில் எரிபொருட் குழாயைக் கட்டி ஏற்றிக்கொள்வார்கள். உணவும் அவ்வாறே ஏறியது. இப்படியே 64 நாளும் 22 மணித்தியாலமும் பறந்து, 1959ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி இறங்கினார்கள்.

நமக்கு வேண்டிய செய்தி இதற்குள்ளே இருக்கிறது. பயணம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேலாகிய நிலையில் அவ்விமானத்தின் மின்பிறப்பாக்கி செயலற்றுப் போயிற்று. விளக்குகள் அணைந்தன. வயிற்றுப் பகுதியிலிருந்த மேலதிகத் தாங்கியிலிருந்து சிறகுத் தாங்கிகளுக்கு எரிபொருளை ஏற்றும் மின்பம்பியும் நின்றது. கையாலே பம்பியை இயக்கி எரிபொருள் ஏற்றவேண்டியதாயிற்று. இரவிலே இருளுக்குள் இருந்தபடி விமானம் ஓட்டவேண்டியதாயிற்று. ஆனால் எஞ்சின் மட்டும் ஒரு கணமும் நிற்கவில்லை. அவர்கள் ஈற்றில் இறங்கியதற்குக் காரணம் மின்சாரமன்று. எஞ்சினுக்குள்ளும் பிளக்குகளிலும் கரி படிந்து அதன் வலு குன்றியதே காரணம்.

மின்பிறப்பாக்கி பழுதான பின்பும் வாரக்கணக்கில் எஞ்சின் எவ்வாறு ஓடியது?

காந்தத்தின் கைவேலை

மோட்டார் வண்டியின் எஞ்சினில் பெற்றோல் ஆவியைக் கொளுத்தும் தீப்பொறி பற்றரியிலிருந்து வருகிறது. பற்றரி முற்றாகச் செத்தால் வண்டியும் நிற்கும். சிறு விமானத்தில் அப்படியன்று. அங்கே தீப்பொறியை உண்டாக்குவது மக்னீற்றோ என்னும் தனிப் பொறி. சைக்கிளிற் பூட்டும் டைனமோவை நம் மாணவர்கள் யாவரும் அறிவர். சில்லுச் சுழன்றால் விளக்கெரியும். அதற்குப் பற்றரி வேண்டியதில்லை. மக்னீற்றோ அதன் ஒன்றுவிட்ட அண்ணன் என்று கூறலாம். எஞ்சின் சுழலும்போது அதனோடு இணைந்த நிலைக்காந்தமும் சுழலும். காந்தம் சுழல, அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். இது 1831ஆம் ஆண்டு பரடே கண்டறிந்த தத்துவம். அந்த ஓட்டத்தைத் தக்க கணத்தில் ஒரு தொடுமுனை திடீரென அறுக்கும். அறுத்ததும், பல்லாயிரம் சுற்றுக் கொண்ட இரண்டாவது சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ற்று எழுந்து பிளக்கிலே பொறியாகப் பாயும். ரைட் சகோதரர் 1903இல் பறந்த விமானத்திலும் தீப்பொறிக்கு மக்னீற்றோவே துணைநின்றது.

ஒன்று போதாது என்று இரண்டு மக்னீற்றோக்கள் வைப்பார்கள். ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு பிளக்குகள். ஒரு மக்னீற்றோவுக்கு ஒரு பிளக்கு. ஆகவே பற்றரி, மின்பிறப்பாக்கி, கம்பிகள் யாவும் ஒருங்கே அழிந்தாலும், சுழலுகின்ற எஞ்சின் தன் நெருப்பைத் தானே மூட்டிக்கொண்டு ஓடும்.

மக்னீற்றோவிலும் கோளாறு வரும். அதிலொன்று மிக விசித்திரமானது. வீட்டு ஆளியை மூடினால் சுற்றுப் பூர்த்தியாகி விளக்கெரியும், திறந்தால் அணையும். மக்னீற்றோவின் ஆளியோ நேர்மாறானது. அதை ‘நிறுத்து’ என்னும் நிலைக்குத் திருப்பினால், அது முதற் சுருளின் கம்பியை விமானத்தின் உலோக உடலோடு தொடுத்துவிடும். மின்னோட்டம் அவ்வழியே ஓடி வீணாகும், பொறி எழாது. இப்போது அந்தத் தொடுப்புக் கம்பி எங்கேனும் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளி ‘நிறுத்து’ என்று காட்டும். சாவியும் விமானியின் சட்டைப்பையில் இருக்கும். ஆனால் மக்னீற்றோவோ உயிரோடிருக்கும். யாரேனும் முன்விசிறியைக் கையாற் சற்றே திருப்பினாற் போதும், எஞ்சின் ஒரு கணம் உயிர்பெற்று விசிறி வெட்டிவிடும். இதனாலேயே, நிறுத்தப்பட்ட விமானத்தின் விசிறியையும் வெடிமருந்து நிரப்பிய துவக்கைப்போலவே கருதவேண்டும் என்று பயிற்சியாளர்கள் முதல் நாளே கற்பிக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கும் வழியும் எளியது. புறப்படுமுன் விமானி ஒரு மக்னீற்றோவை நிறுத்திப் பார்ப்பார். ஒரு பிளக்கு மட்டும் எரிவதால் எஞ்சினின் வேகம் நிமிடத்துக்கு நூறு சுற்றளவு குறையவேண்டும். அளவுக்கு மிஞ்சிக் குறைந்தால் பிளக்கிலோ மக்னீற்றோவிலோ குற்றம். சிறிதும் குறையாமல் இருந்தால் புதிய மாணவன் மகிழ்ச்சியடைவான். அனுபவசாலியோ முகம் சுளிப்பார். குறையவில்லை என்றால் நிறுத்திய மக்னீற்றோ நிற்கவில்லை, தொடுப்புக் கம்பி அறுந்திருக்கக்கூடும் என்பது பொருள்.

இந்த மக்னீற்றோ உறுதி எல்லா விமானத்துக்கும் பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். 2007ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி, ஜெர்மனியின் ஸ்பையர் விமான நிலையத்தில் டயமண்ட் டீ.ஏ.42 என்னும் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று கிளம்பியது. அதன் டீசல் எஞ்சின்களை ஆள்வது மின்னணுக் கருவி. விமானத்தின் பற்றரி செத்துக் கிடந்தபடியால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து எஞ்சின்களை இயக்கியிருந்தார்கள். எழுந்ததும் சக்கரங்களை உள்ளிழுத்தார் விமானி. அந்த மோட்டார் உறிஞ்சிய மின்னோட்டத்தால் வோல்ற்றளவு ஒரு கணம் வீழ்ந்தது. பற்றரி நல்ல நிலையில் இருந்திருந்தால் அந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்கும். வெறும் பற்றரியால் அது முடியவில்லை. இரண்டு மின்னணுக் கருவிகளும் மயங்கின. இரண்டு எஞ்சின்களும் ஒரே வேளையில் நின்றன. விமானம் அருகிலேயே தரைதட்டியது. நல்வினைப் பயனாக உயிரிழப்பு இல்லை. அதன்பின் எஞ்சினை ஆளும் கருவிகளுக்கெனத் தனி உதவிப் பற்றரிகள் அமைக்கப்பெற்றன. பழைய மக்னீற்றோவைப் பார்த்து நகைக்கும் புதுமை விரும்பிகளுக்கு இச்செய்தி சமர்ப்பணம்!

முள் சொல்லும் சேதி

இனி, எஞ்சினைத் தவிர்ந்த ஏனைய வேலைகளுக்கு வருவோம். றேடியோ, விளக்குகள், எரிபொருள் அளவைக் காட்டும் மானிகள், சிறகின் பின்பகுதியை இறக்கும் மோட்டார், வேகமானியின் குழாயில் பனி உறையாமற் காக்கும் சூடாக்கி ஆகிய இவற்றுக்கெல்லாம் மின்சாரம் வேண்டும். அதை அளிப்பவை இரண்டு. ஒன்று பற்றரி, மற்றையது எஞ்சினால் சுழற்றப்படும் ஆடலோட்டப் பிறப்பாக்கி. தொழிலாளர் இதனை ஓல்ற்றனேற்றர் என்றே அழைப்பர். அது பிறப்பிக்கும் ஆடலோட்டம் அதற்குள்ளேயே நேரோட்டமாக மாற்றப்பட்டு வெளிவரும். பழைய விமானங்களில் 12 வோல்ற்றுப் பற்றரியும் 14 வோல்ற்றுப் பிறப்பாக்கியும். பிற்காலத்தவற்றில் 24 வோல்ற்றும் 28 வோல்ற்றும். பிறப்பாக்கியின் வோல்ற்றளவு சற்றே உயர்ந்திருப்பதாலேயே பற்றரிக்குள் மின்னோட்டம் பாய்ந்து அது நிறைகிறது. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதைப் போன்றது இது.

ஒன்றை மாணவர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். இந்தப் பிறப்பாக்கிக்குள் இருப்பது நிலைக்காந்தம் அன்று, மின்காந்தம். அதன் சுருளுக்குச் சிறிதளவு மின்னோட்டம் ஊட்டினாற்றான் அது வேலைசெய்யத் தொடங்கும். அந்த ஊட்டுமின்னை எவ்வளவு விடுவது என்று தீர்மானிப்பது வோல்ற்றளவுச் சீராக்கி. ஆகவே பற்றரி முற்றாகச் செத்த விமானத்தில், விசிறியைக் கையாற் சுழற்றி எஞ்சினை இயக்கிவிட்டாலும் பிறப்பாக்கி விழித்தெழாது.

பிறப்பாக்கி நின்றுபோனால் சத்தமில்லை, அதிர்ச்சியில்லை, எஞ்சினின் இரைச்சலிலும் மாற்றமில்லை. பற்றரி சத்தமின்றிப் பாரத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும். இதுதான் அபாயம். பறையடித்து வரும் பகைவனிலும் பின்கதவால் வரும் பகைவன் கொடியவன் அன்றோ? அம்பியர்மானியின் முள் நடுவிலிருந்து இடப்புறம் சாய்ந்திருக்கும். அல்லது வோல்ற்றளவு தாழ்ந்ததைக் காட்டும் சிறு செவ்விளக்கு எரியும். 28 வோல்ற்று விமானங்களில் அளவு ஏறத்தாழ 24½ வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் அவ்விளக்கு எரியுமாறு அமைப்பது வழக்கம். அதையும் கவனியாதிருந்தால், அடுத்த அறிகுறி றேடியோ கரகரப்பதுதான். பேச முயன்றால் அது ஊமையாகும்; ஏனெனில் கேட்பதற்கு வேண்டிய மின்னோட்டம் சிறிது, பேசுவதற்கு வேண்டியதோ பன்மடங்கு.

முள் சாய்ந்ததைக் கண்ட விமானி என்ன செய்யவேண்டும்? பிறப்பாக்கி உண்மையிலேயே பழுதாகியிருக்க வேண்டும் என்பதில்லை. வோல்ற்றளவு ஏதோ காரணத்தால் அளவுக்குமேல் எழுந்தால், கருவிகள் கருகாமலிருக்கப் பிறப்பாக்கியைத் தானாகவே துண்டித்துவிடும் காவற் கருவி ஒன்று உண்டு. அது பொய்யான எச்சரிக்கைக்கு இரையாகியிருக்கலாம். ஆதலின், பிரதான ஆளியின் பிறப்பாக்கிப் பாதியை ஒருமுறை நிறுத்தி, ஊட்டுமின் செல்லும் சுற்றுடைப்பான் வெளியே துள்ளியிருக்கிறதா என்று பார்த்து, மீண்டும் போடுவார். முள் திரும்பினால் நல்லது. மறுபடியும் சாய்ந்தால் அத்துடன் அந்த ஆராய்ச்சியை முடித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு செய்யவேண்டியது கணக்கு. பழைய செஸ்னாவின் பற்றரி 25 அம்பியர் மணித்தியாலம் கொண்டது என்று வைப்போம். பத்து அம்பியர் செலவிட்டால் இரண்டரை மணித்தியாலம் நிற்கும் என்று பள்ளிக் கணக்குச் சொல்லும். பற்றரி பள்ளிக்கூடம் போகவில்லை! விரைந்து உறிஞ்ச உறிஞ்ச அதன் கொள்ளளவே சுருங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இன்னும் சுருங்கும். கோளாறு எப்போது தொடங்கியது என்பதும் நமக்குத் தெரியாது. அரைமணி நேரமே உண்டு என்று கொண்டு நடப்பவரே புத்திசாலி. நூறு வாற்றுத் தரையிறங்கு விளக்கொன்று மட்டும் 14 வோல்ற்றில் ஏழு அம்பியரை விழுங்கும். அதை அணைக்கலாம். குழாய்ச் சூடாக்கியும், பனிக்குள் இல்லையெனில், அணைக்கத்தக்கதே. இரண்டு றேடியோக்களில் ஒன்று போதும். பின்பு, அண்மையிலுள்ள நிலையத்தில் இறங்கவேண்டும்.

இல்லினோயில் ஓர் இரவு

அண்மையிலுள்ள நிலையம் என்றேன். அச்சொல்லின் பெறுமதி என்ன என்பதை 1983ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் திகதி இரவு அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் நிகழ்ந்தது காட்டும். எயர் இல்லினோய் நிறுவனத்தின் ஹோக்கர் சிட்லி 748 விமானம் ஸ்பிறிங்பீல்ட் நகரிலிருந்து தெற்கே காபன்டேலுக்குப் புறப்பட்டது. செஸ்னாவைவிடப் பெரியதுதான், எனினும் நாற்பதுபேரளவில் ஏறக்கூடிய சிறு பயணி விமானமே. அவ்ரோ என்ற பெயரில் ஒருகாலத்தில் எமது எயர் சிலோன் சேவையிலும் பறந்த வகை என்பதால் முதியோர் பலருக்கு நினைவிருக்கும். அன்றிரவு அதில் எழுவர் பயணிகள், மூவர் பணியாளர்.

எழுந்து இரண்டு நிமிடமாகுமுன்னரே இடப்புறப் பிறப்பாக்கி பழுதாயிற்று. துணை விமானி அதைத் துண்டிக்க முனைந்தபோது, தவறுதலாக நல்ல நிலையிலிருந்த வலப்புறப் பிறப்பாக்கியைத் துண்டித்துவிட்டார். பின்னர் அதை மீளச் சேர்க்க முயன்றும் அது சேரவில்லை. இரண்டும் போயின. புறப்பட்ட நிலையம் சில மைல் தூரத்திலேயே இருந்தது. போகவேண்டிய ஊருக்கோ ஏறக்குறைய நாற்பது நிமிடப் பயணம். தலைமை விமானி, பற்றரியை நம்பி முன்னே செல்வதென்று தீர்மானித்தார். முகிலும் இருளுமான வானத்தில் அரைமணி நேரமளவு சென்றபின் பற்றரி ஓய்ந்தது. விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவிகள் படுத்துவிட்டன. பிங்னிவில் என்னும் சிற்றூருக்கருகே விமானம் வீழ்ந்து பதின்மரும் மாண்டனர். திரும்பி அருகிலிருந்த நிலையத்துக்குச் செல்லாமல் தொலைவிலிருந்த ஊரை நோக்கிச் சென்ற தீர்மானமே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவு கூறிற்று. பழுதான பிறப்பாக்கிக்குக் கூட அந்த முடிவிலே முதலிடம் இல்லை.

சிறு விமானங்களை ஆக்கியோர் இவ்வகை இக்கட்டை எதிர்பார்த்தே, மூன்று சுழல்காட்டிக் கருவிகளை ஒரே மூலத்தில் கட்டாமல் விட்டார்கள். பழைய பாணிச் செஸ்னாவில் சாய்வையும் திசையையும் காட்டும் இரண்டும் எஞ்சினோடு சுழலும் காற்றுப் பம்பியால் இயங்கும். திருப்பத்தைக் காட்டும் மூன்றாவது மின்சாரத்தால் இயங்கும். ஒன்று போனாலும் மற்றையது நிற்கும். உயரமானியும் வேகமானியும் வெறும் காற்றழுத்தத்தில் இயங்குவன. காந்தத் திசைகாட்டிக்கோ யாருடைய உதவியும் வேண்டியதில்லை.

றேடியோவும் ஊமையாகிவிட்டால், நிலையத்துக் கோபுரத்திலிருந்து வண்ண ஒளியால் சைகை காட்டுவார்கள். நிலையான பச்சை, ‘இறங்கலாம்’. நிலையான சிவப்பு, ‘மற்றவருக்கு வழிவிட்டு வட்டமிடு’. பகலிலே விமானி சிறகுகளை ஆட்டி, ‘கண்டேன்’ என்று விடை சொல்வார். பறவைகளுக்குத் தெரிந்த பாஷைதான்!

துள்ளிய பொத்தான்

விமானியின் முன்னால் வரிசையாகச் சிறு பொத்தான்கள் இருக்கும். இவையே சுற்றுடைப்பான்கள். ஒரு கம்பியில் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் சென்றால் அதற்குரிய பொத்தான் வெளியே துள்ளிச் சுற்றை அறுக்கும். நம்மூரில் உருகி எரிந்தால் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி ‘இனி எரியாது’ என்று பெருமை பேசும் கெட்டிக்காரர் உண்டு. உண்மைதான், இனி உருகி எரியாது, வீடுதான் எரியும். துள்ளிய பொத்தானை அழுத்திப் பிடிக்கும் விமானியும் அத்தகையவரே. பொத்தான் காப்பது றேடியோவையன்று. சுவருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் கம்பியை. பறப்பதற்கு இன்றியமையாத கருவியானால், சற்று ஆறவிட்டு ஒரேயொரு முறை அழுத்திப் பார்க்கலாம். இன்றியமையாததல்ல எனில் தொடவே கூடாது.

2007ஆம் ஆண்டு ஜூலை மாதம் புளோரிடாவில் ஒரு நிறுவனத்தின் செஸ்னா 310 விமானத்தில் நடந்தது இது. ஜூலை 9ஆம் திகதி அதனை ஓட்டியவருக்கு எரியும் நாற்றம் வந்தது. வானிலை றேடாரின் பொத்தானை அவர் வெளியே இழுத்தார், நாற்றம் நின்றது. இறங்கியதும் செய்தியைக் குறிப்பேட்டில் முறைப்படி எழுதியும் வைத்தார். பழுது திருத்தப்படவில்லை. மறுநாள் வேறிருவர் அதே விமானத்தில் ஏறினர். புறப்படுமுன் எல்லாப் பொத்தான்களும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்ப்பது வழக்கமான சடங்கு. வெளியே நின்ற அந்தப் பொத்தானும் அந்தச் சடங்கில் உள்ளே போயிருக்கவேண்டும் என்பதே விசாரணையில் தெளிந்த சாத்தியம். நடுவானில் புகையும் தீயும் மூண்டன. சான்போர்ட் நகரில் இறங்க விரைந்த விமானம் குடியிருப்பு வீடுகளின்மேல் வீழ்ந்தது. விமானத்தில் இருந்த இருவரும், வீடுகளில் இருந்த மூவரும் மாண்டனர். முதல் நாள் விமானி செய்யவேண்டியது யாவற்றையும் செய்தார். அவர் எழுதியதை வாசித்தவர்கள்தாம் அதனை ஒரு சிறு குறையாகக் கருதினார்கள்.

புகை கண்டவிடத்து முதல் வேலை பிரதான ஆளியை நிறுத்துவது. மக்னீற்றோ இருப்பதால் எஞ்சின் நிற்காது என்பதனாலேயே இதைத் துணிந்து செய்யலாம். எஞ்சியிருக்கும் காற்றோட்டத்தை மூடித் தீயணைப்பானைக் கையாளவேண்டும். தீ ஆறியபின் மின்சாரம் கட்டாயம் வேண்டுமானால், எல்லாக் கருவிகளின் ஆளிகளையும் நிறுத்திவிட்டுப் பிரதான ஆளியைப் போடுவார்கள். துள்ளிய பொத்தான் இருந்தால் அதைத் தொடுவதில்லை. பின்பு ஒவ்வொன்றாக, இடையிடையே பொறுத்து முகர்ந்து பார்த்து, இயக்குவார்கள். எந்தக் கருவியைப் போட்டதும் நாற்றம் எழுகிறதோ அதுவே கள்வன்.

ஆடும் முள்ளும் அப்பாவிச் சீராக்கியும்

தரையிலே தொழிற்சாலையில் நடைபெறும் தேடலுக்கு இத்தனை அவசரமில்லை; ஆனால் பொறுமை வேண்டும். காரணம், விமானத்தின் அலுமினிய உடலே மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி. வீட்டில் போகும் கம்பியும் உண்டு, வரும் கம்பியும் உண்டு. இங்கே பெரும்பாலும் போகும் கம்பி மட்டுமே. உடலோடு தொடுக்கும் ஆணியில் களிம்பேறினால், அல்லது சாயம் படிந்தால், விளக்கு மங்கும், மானி பொய் சொல்லும், றேடியோ இரையும். குற்றம் செய்வது ஓர் ஆணி. குற்றஞ்சாட்டப்படுவதோ ஒன்பது கருவிகள். மங்கிய கருவியைக் கழற்றி மேசையில் வைத்துச் சோதித்தால் அது நன்றாகவே வேலை செய்யும். அனுபவமுள்ள தொழிலாளி ஆதலினால் முதலில் ஆணியையே சுரண்டிப் பார்ப்பார்.

இவ்வகையில் பெயர்பெற்ற ஒரு நோய், அம்பியர்மானியின் முள் ஓயாது இடமும் வலமும் ஆடுவது. விளக்குகளும் அதனோடு சேர்ந்து துடிக்கும். பார்த்தவுடன் சீராக்கியே பழுது என்று தோன்றும். அதை மாற்றுவார்கள்; ஆட்டம் நிற்காது. பிறப்பாக்கியை மாற்றுவார்கள்; சில நாள் அடங்கி மீண்டும் ஆடும். பணம் கரையும். உண்மை வேறு. பல பழைய சிறு விமானங்களில் சீராக்கி, ஊட்டுமின் வரும் கம்பியின் வழியாகவே வோல்ற்றளவையும் உணர்கிறது. அந்த வழியில் ஒரு சுற்றுடைப்பான், பிரதான ஆளியின் பாதி, பல இணைப்புகள், திருகாணிகள். இருபது முப்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் எள்ளளவு தடை சேர்கிறது. எல்லாம் சேர்ந்து ஓமின் ஐந்திலொரு பங்கு என்று வைப்போம். மூன்று அம்பியர் ஊட்டுமின் சென்றால் 0.6 வோல்ற்று வழியிலேயே தொலையும். விமானத்தில் 14 வோல்ற்று இருக்க, சீராக்கியின் வாசலை அடைவது 13.4. ‘குறைந்துவிட்டதே’ என்று அது ஊட்டுமின்னைக் கூட்டும். கூட்டக் கூட்ட வழியில் தொலைவதும் கூடும். வோல்ற்றளவு மிஞ்சியதும் திடீரெனக் குறைக்கும். குறைத்ததும் தொலைவது குறைந்து மறுபடியும் தவறாகக் கணிக்கும். கோள் சொல்பவன் பேச்சைக் கேட்டு ஆட்சி செய்யும் அரசனைப்போல் சீராக்கி தடுமாறுகிறது.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு வோல்ற்றுமானி போதும். எஞ்சினை நிறுத்தி, பிரதான ஆளியை மட்டும் போட்டால் பற்றரியிலிருந்து ஊட்டுமின் ஓடும். வோல்ற்றுமானியின் ஒரு முனையை மின் வழங்கும் சட்டத்தில் வைத்துக்கொண்டு, மறுமுனையை வழிநெடுக ஒவ்வோர் இணைப்பிலும் தொட்டுக்கொண்டே போவார்கள். குற்றமற்ற இணைப்பைத் தாண்டும்போது மானியின் அளவு மாறாது. தடையுள்ள இணைப்பைத் தாண்டியதும் சட்டென ஏறும். பெரும்பாலும் அது ஏறுகிற இடம், ஆயிரக்கணக்கான தடவை போட்டும் நிறுத்தியும் தொடுமுனை தேய்ந்துபோன அந்தச் சிவப்புப் பிரதான ஆளிதான். முன்னே புதிதாக வாங்கிப் பூட்டிய சீராக்கியையும் பிறப்பாக்கியையும் விட அதன் விலை மிகக் குறைவு. அதை மாற்றி, இணைப்புகளைத் துலக்கி, குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டு எஞ்சினை இயக்கினால், முள் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாக வந்து ஆடாமல் நிற்கும்.